சத்தம் போன கணினியும் ஒரு வரிக் கட்டளையும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள். வீட்டில் பார்வையற்ற பிள்ளை இருப்பவர்களும் கணினி ஆசிரியர்களாக இருக்கும் என் பழைய மாணவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

விஷயம் சின்னது. கணினியில் சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது. இதற்கு ஒரு பதிவா என்று சிரிப்பீர்கள். மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு இழுத்தால் முடிந்தது, விசைப்பலகையிலேயே அதற்குத் தனிப் பொத்தானும் இருக்கிறது. போன மார்ச் மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் வாத்தியார், கணினி வாத்தியார் இல்லை. லினக்ஸ் எல்லாம் ஓய்வுக்குப் பிறகு பொழுது போக்கக் கற்றுக்கொண்டது. தவறு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பிறவியிலேயே பார்வை இல்லை. கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அப்பா பட்டுத் தறி நெய்பவர், ஆரணிப் பக்கத்துக்காரர்களுக்குத் தறி வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுவதும் தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பையன் ஒரு மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு காதில் ஹெட்போன் மாட்டிப் படிப்பான். அவன் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசுத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினி அது. வேகம் குறைந்துபோயிருந்ததால் நான்தான் அதில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதில் ஆர்க்கா என்ற திரைவாசிப்பான் கூடவே வருகிறது. திரையில் உள்ள எழுத்தை அது படிக்கும், ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருள் அதைக் குரலாக்கும். தமிழும் பேசும். தகர டப்பாவுக்குள் இருந்து ஒருவர் பேசுவது மாதிரிதான் இருக்கும், ஆனால் பழகியவன் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் அதைக் கேட்டுப் படித்துவிடுவான். பாடங்களைத் தோழர்கள் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். அவனுடைய புத்தகம், நோட்டு, நூலகம் எல்லாமே அந்தக் கணினிதான்.

செமஸ்டர் தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு மாலை ஹெட்போன் வயரில் யாரோ கால் இடறி, பின் இழுபட்டு, மாட்டும் துளை உள்ளே வளைந்துவிட்டது. ஹெட்போனில் சத்தம் இல்லை. கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேட்கலாம் என்றால் அதிலும் சத்தம் இல்லை.

பார்வை உள்ள நமக்குச் சத்தம் போனால் பாட்டு கேட்காது, அவ்வளவுதான். அவனுக்குச் சத்தம் போனால் திரையே போன மாதிரி. அமைப்புகளுக்குள் போய் ஒலியைச் சரி செய்யலாம் என்றால், அந்த அமைப்புகளைப் படித்துச் சொல்ல வேண்டியதும் அந்தச் சத்தம்தான். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியையும் வைத்துவிட்ட கதை.

கடைக்கு எடுத்துப் போனார்கள். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். "போர்டுல ஆடியோ போயிடுச்சு, போர்டு மாத்தணும்னா 6,500 ரூபாய் ஆகும். இந்தப் பழைய மெஷினுக்கு அது வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க" என்றார்களாம். அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "சார், புதுசு என்ன விலை இருக்கும் சார்?" என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் சொல்ல மனசு வரவில்லை. "முதல்ல நான் வந்து பாக்கறேன்மா" என்றேன்.

போய்ப் பார்த்தேன். மூலையில் இருந்த ஸ்பீக்கர் படம் நூறு சதவீதம் என்று காட்டியது. மியூட் இல்லை. படத்தை நம்பினால் எல்லாம் சரியாக இருக்கிறது! கடைக்காரரும் அதைப் பார்த்துத்தான் போர்டு போச்சு என்று முடிவு செய்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

டெர்மினலைத் திறந்து ஆல்சாமிக்ஸர் என்று தட்டினேன். கறுப்புத் திரையில் நட்டு வைத்த குச்சிகள் மாதிரி நீளப் பட்டைகள் வரும். எஃப்6 விசையை அழுத்தினால் எந்த ஒலி அட்டை என்று கேட்கும். உண்மையான அட்டையைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதுதான் உள்விவரம் தெரிந்தது. மாஸ்டர் முழுதாகத் திறந்திருக்கிறது, ஹெட்போன் திறந்திருக்கிறது, ஸ்பீக்கரின் கீழே மட்டும் இரண்டு எம் எழுத்துகள். எம் எம் என்றால் மூடியிருக்கிறது என்று பொருள். எம் விசையைத் தட்டினால் திறக்கும். தட்டினேன், திறந்தது, ஆனாலும் சத்தம் இல்லை.

வலது கோடிக்கு அம்புக்குறி விசையால் நகர்ந்தேன். அங்கே ஆட்டோ-மியூட் மோட் என்று ஒன்று, எனேபிள்டு என்ற நிலையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கர் தானாக அடங்க வேண்டும் என்பதற்காகக் கணினியில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. துளைக்குள் ஒரு சின்னத் தொடுபுள்ளி இருக்கிறது, பின் உள்ளே போனால் அது கணினிக்குச் சொல்லும். அந்தத் தொடுபுள்ளிதான் வளைந்துவிட்டது. ஹெட்போன் மாட்டியே இருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டு, ஸ்பீக்கரை அடக்கி வைத்திருந்தது. ஹெட்போனில் சத்தம் வராததற்கும் அதே வளைவுதான் காரணம். போர்டு நன்றாகத்தான் இருந்தது.

கீழ் அம்பை ஒரு தடவை அழுத்தி அதை டிசேபிள்டு ஆக்கினேன். அடுத்த விசையைத் தட்டியதும் தகர டப்பாக் குரல் அறை முழுக்கக் கேட்டது. தறி நின்றது. அப்பா எழுந்து வந்துவிட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். "வாத்தியார் வந்தார், சரி பண்ணினார்" என்ற கதையில் அந்தப் பையனுக்கு என்ன லாபம்? அடுத்த தடவை வாத்தியார் ஊரில் இல்லாவிட்டால்?

அடுத்த தடவை பத்தே நாளில் வந்தது. முதல் இரண்டு தேர்வு முடிந்து மூன்றாவதற்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு அவன் கைபேசியில் கூப்பிட்டான். வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். "சார், மறுபடி சத்தம் இல்ல. கை ஏதோ பொத்தான்ல பட்டுடுச்சு போல. எது பட்டுதுன்னு தெரியல." நான் அப்போது மகள் வீட்டில், சென்னையில் இருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். மியூட் பொத்தானை அழுத்து என்று சொல்லலாமா? அது ஏற்கெனவே மியூட்டில் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மியூட்டில் இல்லாமல் ஒலி அளவு பூஜ்யத்தில் இருந்தால், அந்தப் பொத்தான் அதை மியூட்டிலும் கொண்டுபோய் வைத்துவிடும். ஒலி கூட்டும் பொத்தானை அழுத்து என்றால், எத்தனை தடவை? எந்தப் பொத்தான்? பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடந்ததா என்று அறிய அவனுக்கு இருக்கும் ஒரே வழி காதுதான். அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது.

நான் சொன்னேன்: "தம்பி, கன்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்து அழுத்து. மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. டெர்மினல் திறந்திருக்கும். இப்ப நான் சொல்ற எழுத்த ஒண்ணொண்ணா தட்டு." ஏ, எம், ஐ, எக்ஸ், இ, ஆர். இடைவெளி. எஸ், இ, டி. இடைவெளி. மாஸ்டர், முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. இடைவெளி. ஏழு, பூஜ்யம், சதவீதக் குறி, ஷிஃப்டோடு ஐந்து. இடைவெளி. யு, என், எம், யு, டி, இ. என்டர்.

போனிலேயே எனக்குக் கேட்டது. கணினி பேசியது. அவன் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "வந்துடுச்சு சார்" என்றான். பிறகு, "இத எனக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கலாமே சார்" என்றான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

அந்தக் கட்டளையை ஒரே வரியில் எழுதினால் இப்படி இருக்கும்:

ஏமிக்ஸர் செட் மாஸ்டர் 70% அன்மியூட்

(திரைவாசிப்பானில் இதைக் கேட்பவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காகக் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். மாஸ்டர் மாதிரியான பெயர்களுக்கு முதல் எழுத்து பெரியது.)

இந்த வரியைக் கவனியுங்கள். மாஸ்டர் என்ற கட்டுப்பாட்டை எழுபது சதவீதத்தில் வை, வாயைத் திற. இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்ற கேள்வியே இதில் இல்லை. பூஜ்யத்தில் இருந்தாலும் சரி, மியூட்டில் இருந்தாலும் சரி, இரண்டிலும் இருந்தாலும் சரி, இந்த வரிக்குப் பிறகு அது எழுபதில் திறந்திருக்கும். ஏற்கெனவே எழுபதில் திறந்திருந்தாலும் பாதகமில்லை, அப்படியே இருக்கும். பத்துத் தடவை தட்டினாலும் அதே முடிவுதான்.

பொத்தான் "மாற்று" என்கிறது. கட்டளை "இப்படி இரு" என்கிறது. இன்றைய நிலையைக் கண்ணால் பார்க்க முடிகிறவருக்கு "மாற்று" போதும். பார்க்க முடியாதவருக்கு "இப்படி இரு" என்று சொல்லும் வழி வேண்டும். என் கருத்து முழுவதும் இவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. "கீழே வலது பக்கம் ஒரு படம் இருக்கும் பார், அதை அமுக்கு" என்பதைப் போனில் சொல்லிப் புரியவைப்பது பார்வை உள்ளவரிடமே பெரும்பாடு. என் மைத்துனரிடம் கேளுங்கள், அரை மணி நேரம் "எந்தப் படம் மாமா?" என்றே போகும். ஒரு வரியை வாயால் சொல்லலாம், துண்டுச் சீட்டில் எழுதலாம், மனப்பாடம் செய்யலாம், பிரெய்லில் குத்தி வைக்கலாம். நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தலைமுறை. வாயில் நிற்பது அவசரத்தில் கை கொடுக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த ஏமிக்ஸர் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். லினக்ஸில் ஒலி அட்டைகளை இயக்கும் அடித்தளத்துக்கு ஆல்சா என்று பெயர். செக் நாட்டுக்காரரான யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கியது. அவர் முதலில் எழுதியது ஒரே ஒரு வகை ஒலி அட்டைக்காக, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற அட்டை. அது வளர்ந்து 2002-இல் லினக்ஸ் கருநிரலுக்குள்ளேயே சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஆல்சாவைப் புதிதாக நிறுவினால் எல்லா வழியும் மூடிய நிலையில்தான் இருக்கும். திடீரென்று ஸ்பீக்கர் அலறக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் புதிதாக வந்தவர்கள் முதலில் கற்றுக்கொண்டது ஆல்சாமிக்ஸரில் எம் விசையைத் தட்டுவதைத்தான்.

அதற்கும் முன்பே, டாஸ் காலத்தில், 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டையோடு ஒலி அளவை எண்ணாகக் கொடுத்து வைக்கும் கட்டளை நிரல் ஒன்று வரும். ஆக, கட்டளையால் ஒலியை வைப்பது ஒன்றும் புது வித்தை இல்லை. படமும் இழுவையும் பிறகு பரவலாக வந்தன. வந்ததும் பழையதை நாம் மறந்துவிட்டோம்.

இனி இயற்பியல் வாத்தியாராகக் கொஞ்சம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏமிக்ஸர் கட்டளையைத் தட்டினால் பதிலில் சதவீதத்தோடு டெசிபெல் கணக்கும் பெரும்பாலும் வரும், மைனஸ் குறியோடு. பூஜ்யம் டெசிபெல் என்றால் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி அனுப்புகிறது. மைனஸ் 6 என்றால் மின்னழுத்தம் ஏறக்குறையப் பாதி. ஆனால் நம் காதுக்கு அது பாதிச் சத்தமாகத் தோன்றாது. பாதி என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும். காது மடக்கைக் கணக்கில் கேட்கிறது என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? அதனால்தான் ஒரு நிரலில் 50 சதவீதம் என்பதும் இன்னொன்றில் 50 சதவீதம் என்பதும் ஒரே சத்தமாக இருப்பதில்லை. ஏமிக்ஸரிலேயே பெரிய எம் எழுத்தை ஒரு கோட்டோடு சேர்த்துத் தட்டினால், காதின் கணக்குக்கு நெருக்கமாகச் சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்.

டெசிபெல் என்ற சொல்லில் இருக்கும் பெல், தொலைபேசிக்காரர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்தான். அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் காது கேட்காது. அவரே காது கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர். நம் தொழில்காரர்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தறிச் சத்தத்துக்கு நடுவில் படிக்கும் பையன் எப்போதும் நூறிலேயே வைத்திருந்தான். பார்வை இல்லாதவனுக்குக் காதுதான் கண்ணும். அதையும் கெடுத்துக்கொண்டால்? பெரியவர்கள் 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், அதற்கு மேல் ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிறுவர்களுக்கு 75. (மிக்ஸரில் வரும் மைனஸ் டெசிபெலும் காதில் விழும் இந்த டெசிபெலும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) படிப்பு முழுவதையும் காதால் படிக்கிறவன் வாரத்துக்கு 40 மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டுவான்.

எனவே ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். சின்னக் கோப்பு ஒன்றில் சில வரிகள் எழுதினேன். ஆட்டோ-மியூட்டை அணை. ஸ்பீக்கரைத் திற. மாஸ்டரை 60-இல் வை. கணினியில் நுழைந்த சில நொடிகளில் இது தானாக ஓடும்படி வைத்தேன். முதலில், ஒரு தடவை சேமித்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆல்சாவில் அதற்கும் கட்டளை இருக்கிறது, ஆல்சாசிடிஎல் ஸ்டோர். ஆனால் ஆல்சாவுக்கு மேலே பல்ஸ்ஆடியோ என்று இன்னொரு அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. அது ஒவ்வொரு தடவையும் "ஹெட்போன் மாட்டியிருக்கிறது" என்று நம்பி ஸ்பீக்கரை மறுபடி மூடிவிட்டது. ஆகவே ஒவ்வொரு நுழைவிலும் சொல்ல வேண்டியதாயிற்று. மறதிக்காரப் பையனுக்குத் தினமும் வீட்டுப்பாடத்தை நினைவூட்டுவது மாதிரி.

ஹெட்போனுக்கு யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன ஒலி அட்டை ஒன்று வாங்கினோம். உடனே இன்னொரு பாடம் வந்தது: இப்போது அட்டைகள் இரண்டு. எந்த அட்டைக்கு எந்த எண் என்பதை ஏபிளே என்ற கட்டளையோடு ஒரு கோடும் எல் எழுத்தும் சேர்த்துத் தட்டினால் பட்டியலிடும். ஏமிக்ஸரோடு ஒரு கோடு, சி எழுத்து, அட்டை எண் சேர்த்தால் அந்த அட்டையிடம் மட்டும் பேசும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்.

கடைசியாக அந்த எழுபது சதவீத வரியையும் ஒரு கோப்பாக்கி, ஒலி என்று பெயர் வைத்தேன். ஆங்கில எழுத்தில் ஓ, எல், ஐ. மூன்றே எழுத்து. கோப்புக்குத் தமிழ் எழுத்திலும் பெயர் வைக்கலாம், தமிழ்99 விசைப்பலகை பழகியவர்கள் அப்படியே தட்டலாம். அவன் ஆங்கில விசைதான் வேண்டும் என்றான், கை அதில் பழகிவிட்டது. இப்போது சத்தம் போனால் கன்ட்ரோல் ஆல்ட் டி, ஓ, எல், ஐ, என்டர். யாரையும் கூப்பிட வேண்டாம்.

இதைப் பற்றி இரண்டு மூன்று பேரிடம் பேசியபோது எதிர்வாதங்கள் வந்தன. நியாயமானவை, பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: "படம் பார்த்துத் தொடும் வசதி வந்ததால்தான் சாதாரண மக்கள் கணினிக்கு வந்தார்கள். நீங்கள் பின்னால் இழுக்கிறீர்கள்." முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி கைபேசியில் விரலால் இழுத்துத்தான் சத்தம் வைக்கிறார், அவருக்கு நான் கட்டளை சொல்லிக்கொடுக்கப் போனால் சோறு கிடைக்காது. படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. படம் கைவிடும் இடத்தில் இன்னொரு கதவு இருப்பதைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

இரண்டு: "கட்டளைத் திரையில் ஒரு எழுத்து தவறினால் எல்லாம் அழிந்துவிடும்." அழிக்கும் கட்டளைகளும் இருக்கின்றன, உண்மை. ஆனால் ஒலி வைக்கும் கட்டளைக்கு நிர்வாகி அனுமதியே தேவையில்லை. எழுத்துப் பிழை செய்தால் "இப்படி ஒரு கட்டளை இல்லை", "இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். பயம் தெளியப் பழகுவதற்கு இதைவிட நல்ல முதல் கட்டளை எனக்குத் தெரியவில்லை. தட்டியதற்குப் பலன் காதிலேயே கேட்கும். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் ஊசல் குண்டை ஆடவிட்டுக் காட்டுவோமே, அது மாதிரி.

மூன்று: "கணினிக்குக் கணினி கட்டளை மாறுகிறதே!" இதுதான் வலுவான வாதம். லினக்ஸிலேயே ஆல்சாவுக்கு ஏமிக்ஸர், பல்ஸ்ஆடியோவுக்கு பேக்டிஎல், இப்போது பல இடங்களில் வந்துவிட்ட பைப்வயருக்கு டபிள்யூபிசிடிஎல். ஆப்பிள் கணினியில் ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் வழியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஒலி அளவுக்கென்று கூடவே வரும் நேரடிக் கட்டளை கிடையாது, நிர்சிஎம்டி மாதிரி வெளியிலிருந்து ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்திருக்கலாம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். யாரிடம், எதை, எவ்வளவு. வாக்கியம் ஒன்றே, சொற்கள்தான் வேறு. ஒரு மொழியில் வாக்கியம் அமைக்கத் தெரிந்த பிள்ளை அடுத்த மொழியில் சொற்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இப்போது என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்கிறேன். 2011-இல் அரசு மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் வீட்டிலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இந்தக் கட்டளைத் திரை இருந்தது. என் மாணவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பது ஒரு காரணம், தெரிந்துகொள்ள முயலவில்லை என்பது உண்மையான காரணம். அப்போது என் வகுப்பிலும் கண் தெரியாத பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நான் பாடத்தை வாசித்துக் காட்டினேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. தானே கேட்டுப் படிக்கும் வழி இருக்கிறதா என்று ஒரு நாளும் தேடவில்லை. அந்தப் பையன் போனில் கேட்ட கேள்வியை அவளும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே இந்தக் கிழவனின் கோரிக்கைகள்:

கணினி ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, ஆண்டுக்கு ஒரே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஒலியை மூடிவிட்டு, சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஒலியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் விளையாட்டு மாதிரி செய்வார்கள்.

பார்வையற்றோருக்குக் கணினி அமைத்துக் கொடுக்கும் தோழர்களே, திரைவாசிப்பானை நிறுவியதோடு கிளம்பிவிடாதீர்கள். நுழையும்போதே ஒலி ஒரு குறிப்பிட்ட அளவில் திறந்திருக்கும்படி அந்தச் சின்னக் கோப்பையும் வைத்துவிட்டு வாருங்கள். அளவைக் காதுக்குப் பாதுகாப்பாக வையுங்கள். மீட்புக் கட்டளையை அவர்கள் கையாலேயே பத்துத் தடவை தட்டவையுங்கள். அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு.

வீட்டில் உள்ளவர்களே, ஆடியோ போச்சு என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்கும் முன் மிக்ஸரைத் திறந்து பாருங்கள். உண்மையிலேயே பழுதாகவும் இருக்கலாம், அப்போது செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு எம் எழுத்துக்காகப் போர்டு மாற்றாதீர்கள்.

பையன் தேர்வுகள் எல்லாவற்றையும் எழுதி முடித்தான். முடிவு வந்த அன்று வீட்டுக்கு வந்தான், எல்லாத் தாளிலும் தேறியிருந்தான். காபி குடித்துக்கொண்டே சொன்னான்: அவன் கல்லூரியில் இன்னொரு பார்வையற்ற பையனுக்கு லினக்ஸ் கணினியில் சத்தம் போய்விட்டதாம். இவன் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னானாம். "நடுவுல அவன் யு போடறதுக்கு ஓ போட்டுட்டான் சார். மறுபடி மொதல்லேர்ந்து சொன்னேன்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

விண்டோஸ் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பர்கள் சத்தம் போனால் என்ன செய்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. அடுத்த பதிவில் எல்லாவற்றையும் தொகுத்துப் போடுகிறேன். தேவைப்படுபவர்கள் கண்ணிலோ காதிலோ படும்படி இதைப் பகிருங்கள், அனுமதி கேட்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்